கீழ் ஸ்லாட்டில் இருந்த வெள்ளைக் கார்டு

மார்ச் 4

கொக்கு,

இந்தப் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. ஹாஸ்டலில் உன் கால்களைப் பார்த்து நான் வைத்த பெயர். பதிலுக்கு என் கண்ணாடியைப் பார்த்து நீ ‘சோடாபுட்டி’ என்று வைத்தாய். வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன், கை வரவில்லை.

நான்கு வருஷமாக நீ என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் உன் புது அலுவலகத்துக்கு எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் போடவில்லை. ஆனால் கோழி கிளறின மாதிரி இருக்கும் என் எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் பிரித்துவிட்டாய் என்றால், முழுசாகப் படித்துவிடு.

எங்கள் பத்திரிகைக்கு இது இருபதாவது வருஷம். இதுவரை வந்ததில் நல்ல கட்டுரைகளாகப் பொறுக்கிப் புத்தகம் போடுகிறார்கள். முதல் கட்டுரையாக ஆசிரியர் எடுத்திருப்பது நான் எழுதிய அந்த கிராபிக்ஸ் கார்டு ஒப்பீடு. பெரிய கம்பெனியின் கறுப்புக் கார்டும், நீங்கள் முப்பது பேர் சேர்ந்து செய்த வெள்ளைக் கார்டும். முன்னுரையில் அவர் எழுதியிருப்பது இது: ‘வெள்ளைக் கார்டை வடிவமைத்தவர் தன் அறைத்தோழர் என்று தெரிந்தும், நூலளவும் சாயாமல் எழுதிய தீர்ப்பு.’ அதைப் படித்துக் காட்டியபோது அலுவலகமே கைதட்டியது. நானும் நின்று சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றத் தோன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தீர்ப்பு தப்பு, கொக்கு. எனக்கு அது நான்கு வருஷமாகத் தெரியும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் பார்த்தால் இரண்டு கார்டும் ஏறக்குறைய சமம். கறுப்பில் நினைவகம் பன்னிரண்டு ஜிபி, உன்னுடையதில் எட்டு. ஆனால் உன்னுடைய சிப் வேகமானது. இரண்டும் தோளோடு தோள் நிற்கும் என்றுதான் நானும் நினைத்தேன். கறுப்பை முதலில் சோதித்தேன். எட்டு கம்ப்யூட்டர் விளையாட்டுகள், திரையில் சராசரியாக வினாடிக்கு எண்பத்தெட்டு பிரேம். பிறகு உன் கார்டை மேல் ஸ்லாட்டில் செருகப் போனேன். இறங்கவில்லை. அதன் முதுகுத் தகடு, பிராசசர் மேலிருந்த கூலரில் இடித்தது. கூலரைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்றை மாட்ட அரைமணி நேரம் ஆகும். முதலில் உயிர் வருகிறதா பார்ப்போம் என்று கீழ் ஸ்லாட்டில் செருகினேன். பார்வைக்கு இரண்டு ஸ்லாட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மேலே தகவல் போய்வர பதினாறு தடம், கீழே நாலே தடம். உனக்குத் தெரியாததா? சாப்பிட்டுவிட்டு வந்து மாற்றலாம் என்று போனேன். வந்தேன், சோதனையை ஓடவிட்டேன். மாற்ற மறந்துவிட்டேன்.

அறுபத்தேழு வந்தது.

வேறு யாருடைய கார்டாக இருந்தாலும் இது என்ன கூத்து என்று கழற்றி மாட்டி மறுபடி பார்த்திருப்பேன். உன் கார்டு என்பதால் பார்க்கவில்லை. அந்த எண்ணைக் கண்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வெள்ளை ஜெயித்திருந்தால் கூட்டாளிக்காக எழுதினான் என்பார்கள். இனி என்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த நிம்மதியைத்தான் நான் நேர்மை என்று எடுத்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? தோற்றதற்குக் காரணம் சொல்ல வேண்டுமே. ‘கார்டு நன்று, அதை இயக்கும் டிரைவர் மென்பொருள்தான் அரைவேக்காடு’ என்று வாய்க்கு வந்ததை எழுதிவைத்தேன்.

மூன்று வாரம் கழித்து வேறொரு கார்டைக் கீழ் ஸ்லாட்டில் போட்டேன், அதுவும் படுத்துக்கொண்டது. அப்போதுதான் உறைத்தது. உன் கார்டைத் தேடி எடுத்து, கூலரை மாற்றி, மேலே செருகி ஓட்டினேன். தொண்ணூற்றொன்று. அன்றைக்கே ஆறு வரியில் திருத்தம் எழுதினேன். அனுப்பவில்லை. அடுத்த இதழுக்கு, அதற்கடுத்த இதழுக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். பிறகு உங்கள் கார்டுப் பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் எந்த முகத்தோடு அனுப்புவது?

அந்த ஆறு வரி இன்னும் இருக்கிறது. கம்ப்யூட்டர் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். என்னை நீ என்ன வேண்டுமானாலும் சொல்லு.

சோடா

*

மார்ச் 13

மதிப்பிற்குரிய விமர்சகர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. புத்தகம் வெளிவருவதற்கு வாழ்த்துகள்.

தங்களுக்குத் தெரியாத ஒரு விஷயத்தைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. தாங்கள் வாய்க்கு வந்ததாகச் சொல்லும் அந்த அரைவேக்காட்டு மென்பொருளை எழுதியது ஒரே ஒருவர். எங்களைவிட ஏழு வயது மூத்தவர். டிரைவர் எழுதுகிறவர் என்பதால் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ‘டிரைவர் அக்கா’. வாசலுக்குப் புதிதாக வந்த காவலாளி ஒருமுறை அவரிடம், கம்பெனி வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டார். அக்காவும் சாவியை வாங்கிப்போய் நிறுத்திவிட்டு வந்து, ‘இந்த வேலையிலயாவது யாரும் கொறை சொல்லல’ என்றார். அப்படிப்பட்ட மனுஷி.

தங்கள் கட்டுரை வந்த காலை, முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். இதழை மேசையில் போட்டு அந்த வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டார். அக்காதான் எழுந்தார். “எங்கயோ விட்டிருக்கேன் சார். பாக்கறேன்” என்றார்.

ஐந்து வாரம் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததையே காரணமாகச் சொல்லி அவரை அனுப்பினார்கள். அவருக்குப் பிறகு அந்த மென்பொருளைத் தொட ஆளில்லை. பிரிவும் எட்டு மாதத்தில் மூடப்பட்டது. அவர் அதற்குப்பின் எந்த கார்டு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாலும் தங்கள் கட்டுரை அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. இப்போது லிஃப்ட் செய்கிற இடத்தில், எந்த மாடியில் நிற்க வேண்டும் என்று லிஃப்டுக்குச் சொல்லிக் கொடுக்கும் மென்பொருள் எழுதுகிறார்.

ஆகவே, தாங்கள் எழுத வேண்டிய ஆள் நான் இல்லை.

போன் செய்ய வேண்டாம். குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், தாங்கள் ஏதாவது ஜோக் அடிப்பீர்கள், விஷயம் அப்படியே அமுங்கிவிடும். சொல்வதை எழுத்திலேயே சொல்லவும்.

இப்படிக்கு,
வெள்ளைக் கார்டை வடிவமைத்தவன்

*

மார்ச் 21

கொக்கு,

நீ என்னைக் கண்டபடி திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ‘தாங்கள்’ என்று போட்டாயே, அதுதான்.

டிரைவர் அக்காவைப் பற்றி எனக்குத் தெரியாது. ‘மென்பொருள்’ என்று எழுதியபோது அதற்குப் பின்னால் நாற்காலி போட்டு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றவே இல்லை. தெரியாது என்பது சாக்கு அல்ல, எனக்குத் தெரியும்.

இரண்டு கார்டையும் மறுபடி எடுத்தேன். சோதனை அறை அலமாரியில் பழைய பெட்டிகளுக்கு அடியில் கிடந்தன. தூசி தட்டி, அதே மேசையில், அதே எட்டு விளையாட்டை, ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டினேன். இரண்டையும் மேல் ஸ்லாட்டில்தான் வைத்தேன். கறுப்பு எண்பத்தெட்டு, வெள்ளை தொண்ணூற்றொன்று. உன்னைக் குஷிப்படுத்த எழுதவில்லை, அதனால் மற்றதையும் சொல்கிறேன். உன் கார்டு ஏழு டிகிரி கூடுதலாகச் சுடுகிறது. முப்பது வாட் அதிகம் குடிக்கிறது. காற்றாடி சத்தம் பக்கத்து அறை வரை கேட்கிறது. வேகம் வேண்டும் என்றால் வெள்ளை, அமைதி வேண்டும் என்றால் கறுப்பு. அன்றைக்கு நான் எழுதியிருக்க வேண்டியது அவ்வளவுதான்.

ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். நான் முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: “நாலு வருஷம் கழிச்சு இதை யாரு கேட்டா? அந்த ரெண்டு கார்டும் இப்ப கடையிலயே இல்ல.”

கார்டு இல்லை, அதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்றேன். புத்தகம் அச்சுக்குப் போகிற நேரத்தில் பத்திரிகையின் பெயரைக் கெடுக்கிறாய் என்றார். அப்படியானால் நானே வெளியில் சொல்லிவிட்டு வேலையை விடுகிறேன் என்றதும் கதவைச் சாத்தினார். ஒரு மணி நேரம் பேசினோம். முடிவில், மே இதழில் திருத்தத்துக்கு அரைப் பக்கம். அந்தக் கட்டுரை புத்தகத்தில் வராது. நானும் இனி கார்டு சோதிக்கக் கூடாது. கீபோர்டும் மவுஸும் மட்டும்தான். எனக்கு இனி மவுஸ் உண்டு, மவுசு கிடையாது.

பார், ஜோக் அடித்துவிட்டேன். அடித்திருக்கக் கூடாது.

அக்காவின் முகவரியை அனுப்பு. நான் நேரில் போகிறேன்.

சோடா

*

ஏப்ரல் 3

சோடா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முகவரியை எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். தபாலில் சேர்க்க முடியவில்லை. என் மனைவி அந்த உறையை மேசையில் பார்த்துவிட்டு, ‘அண்ணனுக்கா?’ என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் இன்னும் உன்னை அண்ணன் என்றுதான் சொல்கிறாள். அவளுக்கும் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் அந்த முகவரியை உனக்கு அனுப்பினால் நான் மனுஷனே இல்லை.

உன் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு படம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? சோதனை மேசையின் படம். அதில் என் கார்டு கீழ் ஸ்லாட்டில் இருந்தது.

நான் அதை இதழ் வந்த அன்றே பார்த்துவிட்டேன். எட்டரை மணிக்கு, கூட்டத்துக்கு முன்னால், நின்றபடியே. உருப்பெருக்கிக் கண்ணாடியெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அந்த கார்டை நான் பெற்ற பிள்ளை மாதிரித் தெரிந்துவைத்திருந்தேன்.

அக்கா எழுந்து ‘எங்கயோ விட்டிருக்கேன்’ என்று சொன்னபோது என் கையில் அந்த இதழ் இருந்தது. நான் பேசவில்லை.

ஏன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே ஒரு பதில் சொல்லிவந்தேன். உன் தப்பை நீயே வந்து சொல்ல வேண்டும், அதற்காகத்தான் காத்திருக்கிறேன், அப்போது உன்னைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்று. அது பொய் இல்லை. ஆனால் பாதிதான் உண்மை.

மீதிப் பாதி இது. அந்த முதுகுத் தகடு ஏன் கூலரில் இடித்தது என்று நீ கேட்கவே இல்லை. அது அளவுக்கு மேல் எட்டு மில்லிமீட்டர் உயரம். நான்தான் உயர்த்தினேன். கார்டு சுடுகிறதே என்று, தகட்டைப் பெரிதாக்கிவிட்டேன். அளவை மீறினால் பல பேருடைய பெட்டியில் மேல் ஸ்லாட்டில் உட்காராது என்று அக்கா கூட்டத்தில் சொன்னார். நீங்கள் மென்பொருளைப் பாருங்கள் அக்கா, இரும்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்லாட்டைப் பற்றி நான் வாயைத் திறந்திருந்தால் அடுத்த கேள்வி, ஏன் மேலே உட்காரவில்லை என்பதுதான். அதற்கு விடை என் பெயர்.

அவர் போன நாளன்று அவருடைய பையை லிஃப்ட் வரை நான்தான் தூக்கிப் போனேன். ‘நீயாவது நல்லா இரு தம்பி’ என்றார்.

நான்கு வருஷமாக உன் போனை எடுக்காதது கோபத்தால் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். எடுத்தால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாயோ என்ற பயமும்தான். நீ சொல்லிவிட்டால் நானும் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் வீட்டுக்கு நீ போக வேண்டாம். நான்தான் போக வேண்டும்.

கொக்கு

*

ஏப்ரல் 9

கொக்கு,

முதலில் ஒரு கடிதம் எழுதினேன். அதில் இருந்ததெல்லாம் வசவு. நான் மட்டும்தான் குற்றவாளி என்று நான்கு வருஷம் கிடந்து வெந்தேனே, நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த இதழிலேயே முடிந்திருக்குமே என்று கத்தியிருந்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். நீ சொல்லாவிட்டால் என்ன, மூன்றாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டதே. என் வாய் மூடியிருந்தது உன் வாய் மூடியிருந்ததால் அல்ல. கிழித்துப் போட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்தது. பங்குக்கு ஆள் கிடைத்துவிட்டது போல. அன்றைக்கு அறுபத்தேழு என்ற எண்ணைப் பார்த்தபோது வந்ததே, அதே நிம்மதி. எனக்கு அந்த நிம்மதியைக் கண்டாலே இப்போது பயமாக இருக்கிறது.

சோதனையின் முழுப் பதிவையும் ஒரு பென்டிரைவில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு விளையாட்டும், ஒவ்வொரு வினாடியும் அதில் இருக்கிறது. என் வார்த்தையை அவர் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. எண்ணைப் பார்க்கட்டும். என் முகவரியையும் அவரிடம் கொடு. திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டட்டும்.

தகட்டைப் பற்றி மே இதழில் நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதை எழுத வேண்டியவன் நான் இல்லை.

சோடா

*

ஏப்ரல் 20

சோடா,

நேற்று, சனிக்கிழமை, போய்விட்டு வந்தேன். ரயிலில் ஆறு மணி நேரம். போவதற்கு முன்பே பழைய முதலாளிக்கும், எங்களோடு வேலை பார்த்தவர்களில் முகவரி கிடைத்த பத்தொன்பது பேருக்கும் தகட்டைப் பற்றியும் படத்தைப் பற்றியும் எழுதிப் போட்டுவிட்டேன். அவரைப் பார்த்துவிட்டு மனசு மாறிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன்.

மூன்றாவது மாடி. மாடிப்படியில் யாரோ சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். கதவைத் திறந்ததும் அவருக்கு என்னைப் பார்த்து அப்படி ஒரு சந்தோஷம். ‘வா தம்பி, என்னடா இப்படி இளைச்சுட்டே’ என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்லாட், படம், தகடு, கூட்டம். வரிசையாக, எதையும் விடாமல்.

மேசையில் அவர் மகளின் புத்தகங்கள் கலைந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். பிறகு கேட்டார்:

“அப்ப, என் புரோகிராம்ல இல்லாத தப்பைத்தான் இவ்வளவு நாளா தேடிட்டிருந்தேனா?”

வேலையை விட்டு வந்த பிறகும் தேடிக்கொண்டிருந்தாராம். கம்பெனி மென்பொருளின் நகலை வீட்டுக்கு எடுத்துவர முடியாது அல்லவா? நினைவில் இருந்ததை நோட்டில் எழுதி எழுதித் தேடியிருக்கிறார். பதினோரு நோட்டு. காட்டினார். லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்த பிறகும், தான் எழுதியதை வேறு யாராவது பார்த்துச் சரி என்று சொன்னால்தான் கொடுப்பாராம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த சின்னப் பிள்ளைகளிடம்கூடக் காட்டிக் கேட்பாராம். தன்மேல் அவருக்கிருந்த நம்பிக்கையை நாம் இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்கிவிட்டோம், சோடா.

மன்னிச்சிடுங்க அக்கா என்றேன்.

“அக்கான்னு கூப்பிடாத” என்றார். சத்தம் போடவில்லை. “உங்க ரெண்டு பேருக்கும் மனசு இலேசாகணும். அதுக்கு நான் எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு. போட்டுத் தரேன்.”



நான் பத்திரமாக வைத்திருந்த வெள்ளைக் கார்டு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அதையும் உன் பென்டிரைவையும் மேசையில் வைத்தேன். அவர் கார்டைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்ததும், “வச்சிட்டுப் போ” என்றார். கதவு வரை வரவில்லை.

கீழே இறங்கி வந்த பிறகுதான் தெரிந்தது, டம்ளரைக் கையிலேயே கொண்டுவந்துவிட்டேன். மறுபடி மேலேறினேன், மணியடிக்கத் தைரியம் இல்லை. கதவோரமாக வைத்துவிட்டு வந்தேன்.

கொக்கு

*

ஏப்ரல் 29

கொக்கு,

நேற்று எனக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுவதையும் கீழே எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

‘ஐயா, உங்கள் சோதனைப் பதிவைப் பார்த்தேன். வெள்ளைக் கார்டை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் மேல் ஸ்லாட்டில் செருகி நானும் ஓட்டிப் பார்த்தேன். உங்கள் சராசரி சரி. ஆனால் ஆறாவது விளையாட்டில் மேல் ஸ்லாட்டிலும் வெள்ளை பின்தங்குகிறது. சராசரியில் அது மறைந்துவிட்டது, நீங்கள் கவனிக்கவில்லை. அதற்கு ஸ்லாட் காரணம் இல்லை, தகடும் காரணம் இல்லை. நிழல் வரையும் இடத்தில் ஒரே கணக்கை நான் இரண்டு தடவை போட விட்டிருக்கிறேன். என் நோட்டில் ஏழாவதில் அந்த இடம் இருக்கிறது, அப்போது கண்ணில் படவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. எட்டில் ஒன்று. ஆகவே அரைவேக்காடு என்று எழுதியது தவறு, அரைக்கால் வேக்காடு என்று எழுதியிருக்கலாம். திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துப் போடவும். என் பெயரைப் போட்டே எழுதலாம்.’

அவ்வளவுதான். நலமா என்றும் இல்லை, மன்னித்தேன் என்றும் இல்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் ஓடினேன். பக்கம் அச்சுக்குப் போக இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அவர் நின்றபடியே படித்தார். பிறகு கீழ்ப் பாதியில் இருந்த விளம்பரத்தை எடுத்துவிட்டு முழுப் பக்கம் கொடுத்தார். மேலே என் திருத்தம், அதற்குக் கீழே அந்தக் கடிதம், எழுதியவர் பெயரோடு. அதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

எல்லாம் முடிந்து இருக்கையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கடிதத்தின் தலைப்பில் போட்டிருந்த தேதியைப் பார்த்தேன். நீ கார்டை அவர் மேசையில் வைத்தது சனிக்கிழமை. அவர் இதை எழுதியிருப்பது செவ்வாய்க்கிழமை. நான்கு வருஷம் அகப்படாதது, மூன்றே நாளில்.

சோடா